சிக்னலைத் தின்னும் ஒயர்

வைஃபை வீட்டின் பின்கட்டுக்கு எட்டவில்லை, மலையடிவாரத் தோப்பில் டவர் கிடைக்கவில்லை என்றால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மக்களுக்கு உடனே தோன்றும் வழி ஒன்று உண்டு. பெரிய ஆன்டெனாவாகப் பார்த்து வாங்கி, மொட்டை மாடியில் உயரத்தில் கட்டி, அதிலிருந்து ஒயரை வீட்டுக்குள் இறக்கிவிடுவது. தென்மாவட்டங்களுக்கு நன்றாகப் பழகிய வழி இது. இலங்கையின் ரூபவாஹினி 1982இல் தொடங்கிய பிறகு, தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கம் நீளநீளமான குழாய்களை மாடியில் நட்டுக் கடல் தாண்டி வந்த படத்தைப் பிடித்தார்கள். பிறகு கொடைக்கானலில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு நிலையம் வந்தபோது விருதுநகர் மாவட்டத்து மாடிகளில் ஆன்டெனாக்கள் வடக்கு நோக்கித் திரும்பின. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் சுமார் 80 கிலோமீட்டர். நடுவே வருசநாடு, ஆண்டிப்பட்டி மலைகள். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால், அத்தனை தொலைவிலிருந்தும் படம் வந்தது. அங்கிருந்தே கோடை பண்பலை வானொலி 100.5 மெகாஹெர்ட்ஸில் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. உயரமாகக் கட்டி நல்ல ஒயர் போட்டால் சிக்னல் வரும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்து அனுபவத்தில் பிறந்தது. அன்றைக்கு அது சரியாகவே இருந்தது. வைஃபைக்கும் 4ஜி, 5ஜிக்கும் அதையே செய்தால், மாடியில் அரும்பாடுபட்டுப் பிடித்த சிக்னலில் பெரும்பகுதி கீழே வந்து சேர்வதற்குள் ஒயரிலேயே அழிந்துபோகும். ஆன்டெனா வாங்கும் முன் ஒயரைக் கணக்குப் பார்க்க வேண்டும். கணக்குப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளுக்கு ஆன்டெனா ஒயரே தேவையில்லை என்பது தெரியவரும்.

கணக்கு கடினமானதல்ல. ஒயரில் சிக்னல் குறைவதை டெசிபல் என்ற அளவில் சொல்கிறார்கள். 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதியாகிறது. 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 20 குறைந்தால் நூறில் ஒன்று. இதை வைத்துக்கொண்டு, மாடியிலிருந்து பட்டாசாலை வரை 15 மீட்டர் ஒயர் இறக்குவதாக வைத்துக்கொள்வோம். டிஷ் ஆன்டெனாவுக்குப் போடுகிறார்களே, அந்த ஆர்ஜி-6 ஒயரில் கோடை பண்பலையின் 100 மெகாஹெர்ட்ஸ் அலை 15 மீட்டர் வந்தால் சுமார் 1 டெசிபல் குறையும். ஐந்தில் நான்கு பங்கு கீழே வந்துவிடுகிறது, கவலையில்லை. அதே ஒயரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை வந்தால் குறைவது 5 டெசிபல். மூன்றில் ஒரு பங்குதான் வரும். வைஃபை ஆன்டெனாவுக்கென்று கடைகளில் நீட்டிப்பு ஒயராகத் தருவதில் பெரும்பகுதி ஆர்ஜி-58 அல்லது அதைவிட மெல்லிய ஒயர். ஆர்ஜி-58இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபல் இழக்கிறது. 15 மீட்டருக்கு 15 டெசிபல், அதாவது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. எல்எம்ஆர்-400 என்ற, சுண்டுவிரல் கனத்துத் தடித்த ஒயரிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் வந்து சேரும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை என்றால் எல்லா ஒயரிலும் நிலைமை இதைவிட மோசம். ஒரே ஒயர், ஒரே நீளம். அலையின் அதிர்வெண் மாறியதுமே ஒயரின் குணம் மாறிவிடுகிறது. தொலைக்காட்சிக் காலத்து அனுபவம் நம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்வது இங்கேதான்.

ஏன் இப்படி? மின்னோட்டத்தின் அதிர்வு கூடக்கூட அது கம்பியின் உட்புறத்தை விட்டு மேற்பரப்புக்கு ஒதுங்குகிறது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் செம்புக்குள் 9 மில்லிமீட்டர் ஆழம் வரை மின்னோட்டம் பரவும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்த ஆழம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. கம்பி எவ்வளவு தடித்திருந்தாலும் அதன் மெல்லிய தோல்தான் வேலை செய்கிறது. தடை கூடுகிறது, சக்தி வெப்பமாகப் போகிறது. நடுக்கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் தன் பங்குக்கு உறிஞ்சுகிறது. இதிலிருந்து ஒயர் வாங்குபவருக்கு உதவும் ஒரு செய்தி கிடைக்கிறது. 'முழுச் செம்பு ஒயரா?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எஃகுக் கம்பியின் மேல் செம்பு பூசிய மலிவான ஆர்ஜி-6 ஒயரும் ரேடியோ அலையை ஏறக்குறைய முழுச் செம்பைப் போலவே சுமக்கும், அலை ஓடுவது அந்தப் பூச்சில்தான் என்பதால். வேறுபாடு தெரிவது, அதே ஒயர் வழியாக டிஷ்ஷுக்கோ பூஸ்டருக்கோ மின்சாரமும் நீண்ட தூரம் போக வேண்டியிருக்கும்போது. கடையில் கேட்க வேண்டியவை வேறு: உறைக்குள் இருக்கும் கம்பிப் பின்னல் நெருக்கமாக இருக்கிறதா, அதற்குக் கீழே அலுமினியத் தாள் சுற்றியிருக்கிறதா, வெளி உறை வெயில் தாங்கும் கறுப்பு உறையா, நான் பயன்படுத்தும் அதிர்வெண்ணில் மீட்டருக்கு எத்தனை டெசிபல் இழப்பு? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத ஒயரை ஆன்டெனாவுக்கு வாங்க வேண்டாம்.

வேறொரு விஷயத்திலும் தேவைக்கு மேல் பயம் இருக்கிறது. டிஷ் ஒயர் 75 ஓம், வைஃபை ஆன்டெனாவுக்கு 50 ஓம், இரண்டையும் சேர்த்தால் கெட்டுவிடும் என்பார்கள். பொருத்தமின்மை உண்மைதான். ஆனால் 50க்கும் 75க்கும் இடையிலான ஓர் இணைப்பில் திரும்பிப் போவது சக்தியில் 4 சதவீதம் மட்டுமே, அதாவது 0.2 டெசிபலுக்கும் குறைவு. மெல்லிய 50 ஓம் ஒயர் நாலு மீட்டரில் பாதிச் சக்தியைத் தாண்டித் தின்றுவிடும். அதற்கு முன்னால் இந்த 4 சதவீதம் பொருட்டே இல்லை. ஓம் பொருந்துகிறதா என்று பார்த்துப்பார்த்து வாங்கிவிட்டு நீளத்தைக் கவனிக்காமல் விடுவது, சிறிய இழப்பைத் தடுத்துப் பெரிய இழப்புக்குக் கதவைத் திறந்துவிடுவதாகும்.

சரி, இழந்ததைப் பூஸ்டர் வைத்து மீட்டுவிட முடியாதா? இந்தக் கேள்விக்கு நம் மாடிகளே ஒருகாலத்தில் பதில் வைத்திருந்தன. தொலைக்காட்சி ஆன்டெனா பூஸ்டரை நல்ல மெக்கானிக் கீழே டிவிக்குப் பக்கத்தில் வைக்க மாட்டார். குழாயின் உச்சியில், ஆன்டெனாவை ஒட்டிக் கட்டுவார். அதற்கு வேண்டிய மின்சாரத்தை அதே ஒயரில் மேலே அனுப்புவார். ஒயரில் இறங்கி மெலிந்த சிக்னலை நெருங்கி, கருவிகளுக்கே உரிய இரைச்சல் காத்திருக்கிறது. கீழே வைத்த பூஸ்டர் இரண்டையும் சேர்த்தே பெருக்கும். போன தெளிவு போனதுதான். மெலிவதற்கு முன்னால் பெருக்க வேண்டும் என்பது அன்றைய மெக்கானிக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. பொறியாளர்கள் அதற்குப் பிறகு செய்த எல்லாமே இதே திசையில்தான் சென்றிருக்கின்றன. டிடிஎச் டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கருவியைப் பாருங்கள். செயற்கைக்கோளிலிருந்து 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் வரும் அலையை அங்கேயே பெருக்கி, ஏறத்தாழ 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, அதற்குப் பிறகுதான் ஒயரில் விடுகிறது. அப்படி இறக்காவிட்டால் ஆர்ஜி-6 வழியாகப் படம் வரவே வராது. செல்போன் கோபுரங்களில் முன்பு தரையில் ஒரு அறையில் கருவி இருக்கும், தடித்த ஒயர் மேலே ஏறும். இன்று ரேடியோ கருவியையே கோபுரத்தின் மேல் ஆன்டெனாவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, கீழிருந்து ஃபைபரை மட்டும் ஏற்றுகிறார்கள். ஜியோ 2023இல் கொண்டுவந்த ஏர்ஃபைபரிலும் மாடியில் வைக்கும் பெட்டிக்குள்ளேயே ஆன்டெனாவும் ரேடியோவும் இருக்கின்றன. வீட்டுக்குள் வருவது லேன் கேபிள். ரேடியோ அலையை ஒயரில் நடத்தாமல், அலை கிடைக்கும் இடத்திலேயே தகவலாக மாற்றிவிடுவதுதான் இவற்றுக்கெல்லாம் பொதுவான நெறி. வீட்டிலும் அதையே செய்யலாம் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

தகவலாக மாறிவிட்டால் தொலைவு எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள். சாதாரண லேன் கேபிளில் 100 மீட்டர் வரை தகவல் குறையாமல் போகும். ஃபைபரின் கதை அதைவிட வியப்பானது. வீட்டு ஃபைபர் இணைப்பில் நாம் அனுப்பும் தகவல் செல்லும் 1,310 நானோமீட்டர் ஒளி, கண்ணாடி இழையில் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் மட்டுமே இழக்கிறது. ஆர்ஜி-58 ஒயரில் வைஃபை அலை பத்தே மீட்டரில் இழப்பதை இந்த ஒளி இழக்க 28 கிலோமீட்டர் போக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போய்த் திரும்பிய பிறகும் அதற்குத் தெம்பு மிச்சமிருக்கும். இத்தனை தூரம் சேதமின்றி வந்த இணைப்பை வாசல் அறையிலேயே நிறுத்திவிட்டு, அடுப்படிக்குப் போகும் கடைசிப் பத்துப் பதினைந்து மீட்டரைச் சுவர்களிடம் ஒப்படைத்துவிடுகிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் ராஜபாளையத்தின் பழைய பகுதிகளிலும் முகப்பு குறுகி, உள்ளே கட்டு கட்டாக நீண்டு போகும் வீடுகள் இன்னும் உண்டு. ஃபைபர் ஒயர் தெருவிலிருந்து வருவதால், கம்பெனியின் பெட்டி முதல் அறையில், பெரும்பாலும் பிளக் பாயிண்ட் இருக்கும் மூலையில், சில சமயம் இரும்புப் பீரோவுக்குப் பின்னால் மாட்டப்படுகிறது. ஆன்டெனா சுற்றிலும் வீசும் அலையில் பாதி தெருவுக்குப் போய்விடுகிறது. மீதிப் பாதி கனத்த சுண்ணாம்புக் காரைச் சுவர்களை ஒவ்வொன்றாகத் துளைத்து உள்ளே போக வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமாகத் தகவல் தரும், சுவரைத் துளைக்கும்போது அதிகம் தளரும், 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, உள்ளே கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். மாடி வீடென்றால் நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். இந்த நிலையில் ரவுட்டரின் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டுவது சுவர்களை எதுவும் செய்யாது. ஆன்டெனா புதிதாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் போல, இருப்பதை ஒரு பக்கமாகக் கூட்டிவிடுகிறது. ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் குறையும். உயரமான குச்சி ஆன்டெனாக்கள் அலையைக் கிடைமட்டத்தில் தட்டையாக்குவதால் மேல்மாடிக்கு முன்பைவிடக் குறைவாகப் போகவும் வாய்ப்புண்டு. வைஃபை இருவழிப் பேச்சு என்பதையும் மறந்துவிடக் கூடாது. ரவுட்டர் கத்துவது போனுக்குக் கேட்டால் போதாது. சிறிய பேட்டரியில் ஓடும் போன் மெல்லச் சொல்வதும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும்.

காசில்லாமல் செய்யக்கூடியவற்றை முதலில் செய்யலாம். பெட்டியைப் பீரோ, பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து விலக்கி, தலைக்கு மேல் உயரத்தில், வீட்டின் நடுவை நோக்கி வைப்பது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. பக்கத்து வீடுகள் எதில் இருக்கின்றன என்று பார்த்து மற்றொன்றுக்கு மாறுவது. மாடிக்கும் எட்ட வேண்டுமென்றால் ஆன்டெனாக்களில் ஒன்றைப் படுக்க வைப்பது. இவை போதாதபோது செய்ய வேண்டியது, முன்கட்டுப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு கேட்-6 லேன் கேபிளைப் பின்கட்டு வரை இழுத்து, அங்கே இரண்டாவதாக ஒரு வைஃபை பெட்டியை வைப்பது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரும் இதற்குப் போதும். அமைப்பில் 'ஆக்சஸ் பாயிண்ட்' என்று மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். சுவரைக் குடைய வேண்டாம் என்பவர்கள் பிளக்கில் செருகும் எக்ஸ்டெண்டரை நாடுகிறார்கள். அது ஏற்கெனவே மெலிந்த அலையைக் கேட்டு மறுபடி சொல்வது. ஒரே அலைவரிசையில் கேட்டுச் சொல்வதென்றால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு அது தவிர வேறு வழியில்லாமல் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள்கூட எக்ஸ்டெண்டரை வைஃபை வராத அறையில் வைக்காமல், நன்றாக வரும் கடைசி இடத்தில் வைத்தால் பயன் கூடும். சொந்த வீட்டில், கதவு நிலையை ஒட்டிப் பிளாஸ்டிக் பட்டைக்குள் ஒரு கேபிள் போவது அப்படியொன்றும் கண்ணை உறுத்தும் காட்சியல்ல.

தோப்புகளின் நிலைமை வேறு. மேற்கே மலை சுவராக எழுந்து நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் கேரளம். ராஜபாளையத்தில் அய்யனார் கோயில் பக்கமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்புப் பக்கமும் போகப் போகக் கோபுரங்கள் கிழக்கே ஊர்ப்பக்கம் பின்தங்கிவிடுகின்றன. காடு தொடங்கிவிட்டால் அதற்கப்பால், 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்த நிலம். அங்கே கோபுரம் நெருக்கமாக வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். இடையில் மாவும் தென்னையும். இலை அலையைக் குறைக்கும், மழையில் நனைந்த இலை இன்னும் அதிகமாகக் குறைக்கும். இப்படிப்பட்ட இடத்தில் வெளி ஆன்டெனா தேவை என்பதில் சந்தேகமே இல்லை. வீட்டுக்குள்ளிருந்து மாடிக்கு எடுத்துப் போனாலே சுவரும் தளமும் தின்ற 15, 20 டெசிபல் திரும்பக் கிடைக்கலாம். ஆகவே மெல்லிய ஒயரில் 10 டெசிபலை இழந்த பிறகும் 'முன்னைக்கு இப்போது நன்றாகத்தான் இருக்கிறது' என்று அனுபவித்தவர்கள் சொல்வது பொய்யில்லை. கிடைத்த லாபத்தில் முக்கால்வாசிக்கு மேல் ஒயருக்குக் கொடுத்துவிட்டு மிஞ்சியதில் மகிழ்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். 4ஜி அல்லது 5ஜி ரவுட்டரையே மழை புகாத பெட்டியாக மாடியில் கட்டி, மின்சாரமும் தகவலும் ஒரே லேன் கேபிளில் போகும்படி செய்யும் வெளிப்புற ரவுட்டர்கள் இப்போது விற்கின்றன. தனி ஆன்டெனாதான் வேண்டும் என்றால் ரவுட்டரை அதற்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்து, இரண்டு மீட்டருக்குள் தடித்த ஒயரால் இணைக்க வேண்டும். 4ஜிக்கு இரண்டு ஆன்டெனா வேலை செய்கின்றன என்பதால் ஒயரும் இரண்டு.

ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்குப் போனின் மேல்மூலையில் தெரியும் கோடுகளை நம்பக் கூடாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 80 என்றால் மிக நன்று, மைனஸ் 110க்குக் கீழே போனால் தடுமாற்றம். அதைவிட முக்கியம் எஸ்ஐஎன்ஆர் என்ற எண்: இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. இது 20 என்றால் இணைய வேகம் நன்றாக இருக்கும், பூஜ்யத்துக்கு அருகில் என்றால் கோடுகள் நிறைந்திருந்தாலும் பக்கம் திறக்காது. ஊரிலேயே ஃபைபர் இணைப்புள்ள வீடு இருந்து, அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிய தோப்புக்கு வைஃபை பாலம் போடுபவர்களும் உண்டு; 5 கிகாஹெர்ட்ஸின் சில பகுதிகளை வெளியிடத்திலும் உரிமமின்றிப் பயன்படுத்த 2018இல் மத்திய அரசு வழிவிட்டதால் இது எளிதாயிற்று. ஆனால் எதிர்முனை கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் பாலத்துக்கு நடுவழியில் கோட்டைச் சுற்றி ஐந்தரை மீட்டர் ஆரத்துக்கு வெற்றிடம் வேண்டும். நடுவில் ஒரு தென்னை வரிசை வளர்ந்து தலையை நீட்டினால், இரண்டு வருடம் நன்றாக ஓடிய பாலம் காரணம் தெரியாமல் தள்ளாடத் தொடங்கும்.

செல்போன் டவருக்கான பூஸ்டர் என்று விற்கும் கருவியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். வைஃபை அலைவரிசை பொதுவானது. செல்போன் அலைவரிசை ஏலத்தில் எடுத்த கம்பெனிக்கு உரியது. அனுமதியில்லாமல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றம், தொலைத்தொடர்புத் துறை இதைத் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. சட்டத்தை விடுங்கள், தரக்குறைவான ஒரு பூஸ்டர் கக்கும் இரைச்சல் பக்கத்துக் கோபுரத்தின் காதை அடைத்து, தெருவில் மற்றவர்களின் அழைப்பைக் கெடுக்கும். அவசரத்துக்கு 108ஐ அழைக்க முயலும் வீடும் அவற்றில் இருக்கலாம். வீட்டில் ஃபைபர் இருந்தால் இந்தச் சிக்கலுக்கு நேர்மையான விடை ஏற்கெனவே போனிலேயே இருக்கிறது: வைஃபை காலிங். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் அதைத் தொடங்கின. அமைப்பில் அதை இயக்கிவிட்டால், டவர் எட்டாத அறையிலிருந்தும் வழக்கமான எண்ணிலேயே பேசலாம்.

மாடியில் எதைக் கட்டினாலும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் இடியையும் நினைத்துக் கட்ட வேண்டும். ஒயர் சுவருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கிவிட்டு ஏறினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இணைப்புகளைத் தண்ணீர் புகாத நாடாவால் சுற்றாவிட்டால், பின்னலுக்குள் இறங்கிய ஈரம் எத்தனை நல்ல ஒயரையும் ஒரே பருவத்தில் கெடுத்துவிடும். குழாயைத் தனிக்கம்பியால் பூமியோடு இணைத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து களத்து அறைக்கோ மோட்டார் கொட்டகைக்கோ இணைப்புக் கொண்டுபோவதென்றால், மண்ணுக்கு மேலே நீளமாகச் செம்பு ஒயரை இழுப்பது மின்னலுக்கு வழி போட்டுத் தருவதாகும். அங்கே ஃபைபரையே இழுத்து, இரு முனையிலும் சிறு மாற்றிகளை வைத்துவிடலாம். இரும்புக் கம்பி சேர்க்காத ஃபைபராகக் கேட்டு வாங்க வேண்டும்.